போஸ்டன் தேயிலையும் போர்ட்டோ ரிக்கோ ஆரஞ்சும்

அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் ஓடும் மோட்டார் கார்களின் நம்பர் பலகையில், எண்ணுக்குக் கீழே ஒரு வாசகத்தைக் காணலாம். “பிரதிநிதித்துவம் இல்லாத வரி விதிப்பு” என்பது அதன் பொருள். யாரோ ஒரு கட்சிக்காரர் இரவோடு இரவாக ஒட்டிவிட்டுப் போன சீட்டு அல்ல அது. 2000-ஆம் ஆண்டில் அந்த நகரத்து நிர்வாகமே பலகையில் பொறித்துக் கொடுக்க ஆரம்பித்த வாசகம்.

ஏன் இந்தப் புகார்? அந்த நகரத்தில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் வசிக்கிறார்கள். மற்ற அமெரிக்கர்களைப் போலவே மத்திய சர்க்காருக்கு வருமான வரியை முழுதாகக் கட்டுகிறார்கள். ஆனால் வரிச் சட்டங்களை இயற்றும் காங்கிரஸ் சபையில் அவர்கள் சார்பாக ஓட்டுப் போட ஓர் அங்கத்தினர்கூட இல்லை. பிரதிநிதிகள் சபையில் ஒருவர் உட்காரலாம், பேசலாம். சட்டத்தின் மீது கடைசி ஓட்டெடுப்பு வரும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். செனட் சபையில் அதுவும் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதே கோஷத்தை எழுப்பித்தான் அமெரிக்கா என்ற நாடே பிறந்தது. “எங்கள் பிரதிநிதி இல்லாத சபை எங்கள் மீது வரி போடக்கூடாது” என்று பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தோடு சண்டையிட்டு, 1776 ஜூலை 4-ஆம் தேதி 13 குடியேற்றங்கள் சுதந்திரப் பிரகடனம் செய்தன. 2026 ஜூலை 4-ஆம் தேதியோடு கணக்கிட்டால் அதற்கு வயது 250. இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்தக் கோஷம் அந்த நாட்டின் தலைநகரத்துக் கார்களிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அந்த வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை என்றுதானே அர்த்தம்?

அந்த வழக்கின் மூலத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

யுத்தத்தில் ஜெயித்தார்கள், கடனில் விழுந்தார்கள்

1763-ல் ஏழாண்டு யுத்தம் முடிந்தது. பிரான்ஸை வென்று கனடாவைப் பிடித்தது பிரிட்டன். ஆனால் வெற்றியோடு கடனும் வந்தது. யுத்தத்துக்கு முன் சுமார் ஏழரைக் கோடி பவுனாக இருந்த தேசியக் கடன், யுத்தம் முடிந்தபோது 12 கோடி பவுனைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் 10,000 துருப்புகளை நிரந்தரமாக நிறுத்தவும் முடிவாயிற்று. அதற்கும் பணம் வேண்டும்.

அப்போது பிரதம மந்திரியாக இருந்தவர் ஜார்ஜ் கிரென்வில். கணக்கில் கெட்டிக்காரர். அவருடைய வாதம் எளிதானது. “பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அமெரிக்கக் குடியேற்றங்களைக் காப்பாற்றியது யார்? பிரிட்டன். அங்கே நிற்கும் படை யாரைக் காக்கிறது? அமெரிக்கர்களை. இங்கிலாந்துக்காரன் வரிச்சுமையால் முதுகு ஒடிந்து நிற்கிறான். அமெரிக்கனோ அதில் ஒரு சிறு பங்குகூடக் கொடுப்பதில்லை. செலவில் ஒரு பகுதியையாவது அவன் ஏற்கக் கூடாதா?”

நேர்மையாகச் சொன்னால், இந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்கர்கள் மீதிருந்த வரிச்சுமை இங்கிலாந்துக்காரர் மீதிருந்ததைவிட மிகக் குறைவு என்பது உண்மை. ஆகவே ‘கொடுங்கோலன் ஒருவன் ஏழைகளைக் கசக்கிப் பிழிந்தான்’ என்று இந்தக் கதையை எழுதினால், அது சரித்திரமாகாது.

1765 மார்ச்சில் முத்திரைச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. கோர்ட்டுப் பத்திரங்கள், கப்பல் ரசீதுகள், பத்திரிகைகள், பஞ்சாங்கங்கள் எல்லாம் இனி முத்திரை குத்திய காகிதத்தில்தான் இருக்கவேண்டும். சீட்டுக்கட்டு ஒன்றுக்கு 1 ஷில்லிங் வரி. பத்திரிகையில் வெளியாகும் விளம்பரம் ஒன்றுக்கு 2 ஷில்லிங். காலேஜ் பட்டத்துக்கு 2 பவுன். வக்கீல்கள், பத்திரிகை அச்சடிப்பவர்கள், வர்த்தகர்கள் ஆகியோரை ஒரே நாளில் பகைத்துக்கொள்ள இதைவிடச் சிறந்த சட்டத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஊரில் பேசத் தெரிந்தவர்களும் எழுதத் தெரிந்தவர்களும் இவர்கள்தாமே!

சட்டம் நவம்பர் 1-ஆம் தேதி அமலுக்கு வரவேண்டும். அதற்கு முன்பே ஊருக்கு ஊர் கலகம். போஸ்டன் நகரில் முத்திரை விற்க நியமிக்கப்பட்டவரின் உருவபொம்மையை மரத்தில் தூக்கிலிட்டார்கள். ஏறக்குறைய எல்லாக் குடியேற்றங்களிலும் முத்திரை அதிகாரிகள் ராஜிநாமாச் செய்தார்கள். அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடித் தீர்மானம் போட்டார்கள். பிரிட்டிஷ் சரக்கை வாங்குவதில்லை என்று வர்த்தகர்கள் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள்.

ஆளில்லாத ஊருக்கு இரண்டு அங்கத்தினர்

“உங்களுக்குப் பிரதிநிதி இல்லை என்று யார் சொன்னது?” என்று லண்டனில் பதில் கேள்வி கேட்டார்கள். “பார்லிமெண்டு அங்கத்தினர் ஒவ்வொருவரும் சாம்ராஜ்யம் முழுவதற்குமே பிரதிநிதி. மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற பெரிய ஊர்களுக்கும்தான் பார்லிமெண்டில் தனி அங்கத்தினர் இல்லை. அவர்கள் வரி கட்டவில்லையா?”

இதற்கு அமெரிக்கர்கள் கொடுத்த பதில் சுருக்கமானது: மான்செஸ்டருக்கு இடம் இல்லை என்றால் மான்செஸ்டருக்கு இடம் கொடுங்கள், ஓர் அநீதியை மற்றோர் அநீதிக்குச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள்.

அந்தக் காலத்துப் பார்லிமெண்டின் லட்சணத்தைக் காட்ட ஒரே ஓர் ஊர் போதும். ஓல்டு ஸாரம் என்ற இடம் வெறும் மண்மேடு. குடியிருப்பவர்கள் அநேகமாக யாருமே இல்லை. ஆனால் அதற்குப் பார்லிமெண்டில் இரண்டு இடம் உண்டு! அந்த மண்மேட்டின் ஓட்டுரிமை நிலங்களை 1691-ல் விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட் என்ற வர்த்தகர். நம் சென்னைக்கு அந்நியரல்ல அவர். 1698 முதல் 1709 வரை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்து, பிரசித்தி பெற்ற ஒரு வைரத்தை வாங்கி விற்றுப் பெரும் பணம் சேர்த்தவர். அவருடைய பேரன் வில்லியம் பிட், அதே மண்மேட்டின் சார்பில்தான் 1735-ல் முதன்முதலாகப் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார்.

அந்த வில்லியம் பிட்தான் 1766 ஜனவரியில் எழுந்து, அமெரிக்கர்கள் எதிர்த்து நின்றதைக் கண்டு தாம் மகிழ்வதாகப் பார்லிமெண்டிலேயே பிரசங்கம் செய்தார். ஆளில்லாத ஊர்களுக்கு இடம் கொடுக்கும் ஏற்பாட்டை, அரசியலமைப்பின் அழுகிய பாகம் என்றும் வர்ணித்தார். அதில் ஏறி வந்தவருக்குத்தானே அதன் நாற்றம் நன்றாகத் தெரியும்!

வரி போயிற்று; வாக்கியம் நின்றது

சரக்கு விற்காததால் இங்கிலாந்து வர்த்தகர்களே சட்டத்தை ரத்துச் செய்யும்படி மனுப் போட்டார்கள். 1766 மார்ச் 18-ஆம் தேதி முத்திரைச் சட்டம் ரத்தாயிற்று. அமெரிக்காவில் மணி அடித்துக் கொண்டாடினார்கள்.

ஆனால் அன்றைக்கே பார்லிமெண்டு மற்றொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. அதில் காசு பற்றிப் பேச்சே இல்லை. ‘எந்த விஷயமானாலும் சரி, அமெரிக்கக் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப் பார்லிமெண்டுக்கு முழு அதிகாரம் உண்டு’ என்பதே அதன் சாரம். உரிமைப் பிரகடனச் சட்டம் என்று அதற்குப் பெயர். பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் ஐந்தே பேர். அந்த ஐவரில் ஒருவர் காரன்வாலிஸ் பிரபு என்ற இளைஞர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

என் அபிப்பிராயத்தில், தகராறு முழுவதுக்கும் இந்தச் சட்டம்தான் ஆணிவேர். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். காசைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. ‘இன்று எடுக்கவில்லை, ஆனால் நாளை எப்போது வேண்டுமானாலும் உன் சட்டைப் பையில் கைவிட எனக்கு அதிகாரம் உண்டு’ என்று ஒருவன் எழுதி வைத்துக்கொண்டால், பையில் இருக்கும் பணம் யாருடையது?

அடுத்த ஆண்டே கை நீண்டது. 1767-ல் நிதி மந்திரி சார்லஸ் டவுன்ஷெண்டு, கண்ணாடி, ஈயம், வர்ணம், காகிதம், தேயிலை ஆகியவற்றின் மீது அமெரிக்கத் துறைமுகங்களில் சுங்கம் விதித்தார். வசூலாகும் பணத்தில் கவர்னர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்கலாம் என்றும் ஏற்பாடு. இதன் சூட்சுமம் என்ன? அதுவரை பெரும்பாலான கவர்னர்களின் சம்பளம் உள்ளூர்ச் சட்டசபைகளின் கையில் இருந்தது. ஆகையால் கவர்னரும் கொஞ்சம் பணிந்து நடப்பார். இனி, ஜனங்களின் பணத்தைக் கொண்டே ஜனங்களுக்குக் கட்டுப்படாத அதிகாரிகளை வைத்துக்கொள்ளலாம்!

ஜான் டிக்கின்ஸன் என்ற வக்கீல், தம்மை ஒரு குடியானவன் என்று சொல்லிக்கொண்டு பத்திரிகைகளில் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தப் பார்லிமெண்டு சுங்கம் போட்டால் அதை ஒப்புக்கொள்ளலாம். வருமானத்துக்காகப் போட்டால், தொகை எவ்வளவு சிறிதானாலும், அது வரிதான் என்பது அவர் கட்சி. தொகை சிறியது என்பதாலேயே அது அபாயகரமானது என்றும் எச்சரித்தார். சிறிய தொகையைப் பேசாமல் கட்டிவிட்டால், உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா?

மறுபடியும் பகிஷ்காரம். மறுபடியும் பின்வாங்கல். 1769 மே மாதம் லண்டனில் மந்திரி சபை கூடியது. எல்லாச் சுங்கங்களையும் எடுத்துவிடலாமா, தேயிலையின் மீது மட்டும் விட்டுவைக்கலாமா என்று விவாதம். விட்டுவைக்கலாம் என்றவர்கள் ஐந்து பேர். வேண்டாம் என்றவர்கள் நான்கு பேர். அந்த ஒரே ஓட்டில் தேயிலைச் சுங்கம் பிழைத்தது. ராத்தலுக்கு 3 பென்ஸ். வருமானத்துக்காக அல்ல, உரிமையின் அடையாளமாக. ஒரு ராத்தல் தேயிலையில் ஒரு சாம்ராஜ்யத்தின் கௌரவத்தைக் கட்டி வைத்தார்கள்!

மலிவுத் தேயிலை ஏன் கசந்தது?

இந்த இடத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி மேடைக்கு வருகிறது. 1770-ஐ ஒட்டி வங்காளத்தில் கொடிய பஞ்சம். லட்சக்கணக்கான ஜனங்கள் மடிந்தார்கள். கம்பெனியின் நிர்வாகச் சீர்கேடும் யுத்தச் செலவும் சேர்ந்து, 1772-ல் அது திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. லண்டன் கிடங்குகளிலோ விற்காத சீனத் தேயிலை மலைபோல் குவிந்து கிடந்தது.

பார்லிமெண்டு கம்பெனியைத் தூக்கி நிறுத்த முன்வந்தது. 1773-ல் மூன்று காரியங்கள் செய்தார்கள். கம்பெனிக்கு 14 லட்சம் பவுன் கடன். அதன் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்த ஓர் ஒழுங்குமுறைச் சட்டம். யுத்தம், சமாதானம் ஆகிய விஷயங்களில் சென்னையும் பம்பாயும் வங்காளத்துக் கவர்னர்-ஜெனரலுக்குக் கீழ்ப்பட்டது இந்தச் சட்டத்தால்தான். மூன்றாவது தேயிலைச் சட்டம். ஆக, சென்னைக் கோட்டையின் மீது கல்கத்தாவுக்கு அதிகாரம் கொடுத்த அதே பார்லிமெண்டு, அதே ஆண்டில், அதே கம்பெனிக்காகத்தான் போஸ்டனுக்குத் தேயிலை அனுப்ப வழி செய்தது.

தேயிலைச் சட்டம் புதிதாக வரி எதுவும் போடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இங்கிலாந்தில் கட்டிய சுங்கத்தைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்து, நேரே அமெரிக்காவுக்குக் கப்பலேற்ற அனுமதித்தது, அவ்வளவுதான். அமெரிக்காவில் கட்டவேண்டிய 3 பென்ஸைச் சேர்த்தாலும், கள்ளக் கடத்தலில் வரும் டச்சுத் தேயிலையோடு போட்டியிடக்கூடிய விலைக்கு விற்கலாம். விலை மலிந்தால் அமெரிக்கன் வாய் திறக்காமல் குடித்துவிடுவான் என்று மந்திரிகள் நினைத்தார்கள்.

அமெரிக்கனோ அதைத் தூண்டில் புழுவாகப் பார்த்தான். மலிவாக இருக்கிறதென்று ஒரு கோப்பை குடித்தால், 3 பென்ஸோடு அந்த 1766-ஆம் வருஷத்து வாக்கியத்தையும் விழுங்கியதாகிவிடும். கள்ளக் கடத்தல்காரர்களுக்கும், கம்பெனி ஏஜெண்டுகளாக நியமனம் பெறாத வர்த்தகர்களுக்கும் சொந்த லாபநஷ்டக் கணக்கு இருந்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அது மட்டுமே காரணமல்ல. வங்காளத்தில் கம்பெனி செய்ததை எடுத்துக்காட்டி, ‘ஆசியாவில் நடந்தது நாளை இங்கேயும் நடக்கும்’ என்று அமெரிக்காவில் துண்டுப் பிரசுரம் வெளியாயிற்று. நம் நாட்டில் பட்டினியால் மாண்டவர்களின் கதை, கடலுக்கு அப்பால் ஒரு தேசத்துக்கு எச்சரிக்கையாகப் போய்ச் சேர்ந்தது.

நியூயார்க்கும் பிலடெல்பியாவும் தேயிலைக் கப்பல்களைத் திருப்பி அனுப்பின. போஸ்டனில் கவர்னர் ஹட்சின்ஸன், சுங்கம் கட்டாமல் கப்பல் வெளியேற அனுமதி இல்லை என்று பிடிவாதம் பிடித்தார். தேயிலை ஏஜெண்டுகளில் அவருடைய புதல்வர்கள் இருவரும் உண்டு. 1773 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு, செவ்விந்தியர் வேஷம் தரித்த கூட்டம் மூன்று கப்பல்களில் ஏறி, 340-க்கு மேற்பட்ட தேயிலைப் பெட்டிகளை உடைத்துத் துறைமுக நீரில் கொட்டியது. கம்பெனி கணக்கிட்ட நஷ்டம் 9,659 பவுன்.

அதன்பின் நடந்ததை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. தண்டனையாகப் போஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. மாஸசூஸெட்ஸின் ஆட்சி உரிமைகள் வெட்டப்பட்டன. ஒரு நகரத்தைத் தண்டித்தால் மற்றவை அடங்கிவிடும் என்பது கணக்கு. நடந்தது நேர்மாறு. 1774 செப்டம்பரில் 12 குடியேற்றங்கள் பிலடெல்பியாவில் ஒன்று கூடின. 1775 ஏப்ரலில் துப்பாக்கி வெடித்தது.

பிந்தி வந்த புத்தி

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. 1778-ல் பார்லிமெண்டே இறங்கி வந்தது. வருமானத்துக்காக அமெரிக்கக் குடியேற்றங்களின் மீது இனி வரி போடுவதில்லை. வர்த்தக ஒழுங்குக்காகச் சுங்கம் போட்டால் அந்த வருமானம் அந்தந்தக் குடியேற்றத்துக்கே சேரும் என்று சட்டமே இயற்றியது. தேயிலைச் சுங்கத்தையும் எடுத்துவிட்டது. சமாதானம் பேசத் தூதர்களையும் அனுப்பியது. 1768-ல் இதைக் கொடுத்திருந்தால் அமெரிக்கர்கள் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். 1778-ல் அவர்கள் பிரான்ஸோடு உடன்படிக்கை செய்து முடித்துவிட்டார்கள். உரிமையைக் கேட்டபோது கொடுக்காதவர்கள், கேட்காதபோது கொடுக்க வந்தார்கள்.

1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அந்தப் படையின் தளபதி யார் தெரியுமா? உரிமைப் பிரகடனச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட அதே காரன்வாலிஸ்! எந்த அதிகாரம் தவறு என்று சபையில் சொன்னாரோ, அதே அதிகாரத்துக்காக வாளேந்தித் தோற்றார். 1786-ல் அவரே கவர்னர்-ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, 1793-ல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தை அமல் செய்தார். வரி கட்டிய வங்காளக் குடியானவனுக்கு எந்தச் சபையில் பிரதிநிதி இருந்தான் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

அமெரிக்கர்கள் எழுப்பிய கொள்கையும் எல்லோருக்குமாக எழுப்பப்பட்டதல்ல. அவர்களிடம் அடிமைகளாக இருந்த நீக்ரோவருக்கும், நிலத்துக்கு உரிய செவ்விந்தியருக்கும், பெண்களுக்கும் அதில் பங்கில்லை. ஆனால் ஒரு கொள்கையை உரக்கச் சொல்லிவிட்டால், அதை ஒரு சிலருக்கு மட்டும் என்று பெட்டியில் பூட்டி வைக்க முடியாது. அது சொன்னவரிடமே ஒரு நாள் திரும்பி வந்து நிற்கும். அமெரிக்காவிடம் அது ஆரஞ்சுப் பழமாக வந்து நின்றது.

சாம்ராஜ்யத்தை எதிர்த்தவன் சாம்ராஜ்யம் ஆனான்

1898-ல் ஸ்பெயினோடு நடந்த யுத்தத்தில் வென்ற அமெரிக்கா, கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவைப் பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில்தான் ஸ்பெயின் அந்தத் தீவுக்குச் சுயாட்சி வழங்கியிருந்தது. ஸ்பெயின் தேசத்துப் பார்லிமெண்டில் தீவின் பிரதிநிதிகளுக்கு ஓட்டும் இருந்தது. ராஜாவின் ஆட்சியில் இருந்த ஓட்டு, குடியரசின் ஆட்சியில் போய்விட்டது!

1900-ல் அமெரிக்கக் காங்கிரஸ், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரும் சரக்குக்குச் சுங்கம் விதித்தது. ஸான் ஹுவான் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்கு ஆரஞ்சுப் பழங்களை இறக்குமதி செய்த டவுன்ஸ் கம்பெனி, 659 டாலர் சுங்கத்தை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டு, பிட்வெல் என்ற சுங்க அதிகாரியின் மீது வழக்குத் தொடுத்தது. நாடு முழுவதும் சுங்கம் ஒரே சீராக இருக்கவேண்டும் என்பது அரசியல் சட்டம். அப்படியானால் கேள்வி ஒன்றுதான்: போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் பகுதியா, இல்லையா?

1901 மே மாதம் ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம். ஆனால் சுங்க விஷயத்தில் அமெரிக்காவின் பகுதி அல்ல என்பது தீர்ப்பின் சாரம். வீட்டுக்குள் இருப்பவன், ஆனால் வீட்டுக்காரன் அல்ல! தேயிலைச் சுங்கத்தை 1769-ல் காப்பாற்றியதும் ஒரே ஓட்டு. ஆரஞ்சுச் சுங்கத்தை 1901-ல் காப்பாற்றியதும் ஒரே ஓட்டு.

1917-ல் தீவினருக்கு அமெரிக்கப் பிரஜா உரிமை கிடைத்தது. 1948-ல் தாங்களே தேர்ந்தெடுக்கும் கவர்னரும், 1952-ல் சொந்த அரசியல் சட்டமும் வந்தாயிற்று. ஆயினும் அங்கே வசிக்கும் சுமார் 32 லட்சம் பேருக்கு ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டில்லை. காங்கிரஸில் அவர்களுடைய பிரதிநிதி பேசலாம். சட்டத்துக்கு ஓட்டுப் போட முடியாது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே செல்லும் சரக்கு அமெரிக்காவில் கட்டிய அமெரிக்கக் கப்பலில்தான் போகவேண்டும் என்ற 1920-ஆம் ஆண்டுச் சட்டம் தீவுக்கும் பொருந்தும். பழைய பிரிட்டிஷ் கப்பல் சட்டங்களைப் படித்தவர்களுக்கு இது பழகின முகமாகவே தோன்றும்.

கடனும் குழுவும்

இங்கேயும் மறுபக்கத்தைச் சொல்லியாகவேண்டும். தீவுக்குள்ளேயே சம்பாதிக்கும் வருமானத்துக்குப் பொதுவாக மத்திய வருமான வரி கிடையாது. முதியோர் பென்ஷனுக்கும் மருத்துவ வசதிக்கும் சம்பளத்தில் பிடிக்கும் வரிகளைத்தான் அவர்கள் கட்டுகிறார்கள். ‘வரியே பெரும்பாலும் இல்லாதபோது பிரதிநிதித்துவம் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு.

அதற்குப் பதிலை 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் காணலாம். உடல் ஊனமுற்ற ஒருவர் நியூயார்க்கில் வசித்தபோது மத்திய சர்க்காரின் உதவிப் பணம் பெற்றுவந்தார். தீவுக்குக் குடிபோனதும் அந்த உதவி அவருக்கு இல்லை. அறியாமல் கொடுத்துவிட்ட 28,000 டாலருக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பித் தா என்று சர்க்கார் வழக்காடியது. அதே மனிதர், அதே ஊனம், அதே பிரஜா உரிமை. மாறியது விலாசம் மட்டுமே. தீவினர் பெரும்பாலான மத்திய வரிகளைக் கட்டாததால் அவர்களை வேறாக நடத்தக் காங்கிரஸுக்கு உரிமை உண்டு என்று ஸுப்ரீம் கோர்ட்டு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புக் கூறியது. வரி இல்லை, ஆகையால் உதவியும் இல்லை என்றாகிறது. வரி வேண்டாம் என்றோ, உதவி வேண்டாம் என்றோ தீர்மானித்த சபையில் அந்த மனிதருக்கு ஓட்டில்லை என்பதுதான் விஷயம். பழைய ஆரஞ்சு வழக்கின் வகைத் தீர்ப்புகளுக்கு அரசியல் சட்டத்தில் ஆதாரமே இல்லை என்று அதே வழக்கில் நீதிபதி கோர்ஸச் எழுதினார். ஆனாலும் அவை இன்னும் ரத்தாகவில்லை.

அதற்குள் தீவின் சர்க்கார் கடனில் மூழ்கியிருந்தது. 7,000 கோடி டாலருக்கு மேல் கடன். அமெரிக்க ராஜ்யங்களின் நகரசபைகள் திவால் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கேட்கலாம். 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் போர்ட்டோ ரிக்கோவுக்கு அந்தக் கதவை அடைத்துவிட்டது. 2016 ஜூனில் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்து, ஏழு பேர் அடங்கிய நிதி மேற்பார்வைக் குழுவை அமைத்தது. அங்கத்தினர்களை நியமிப்பவர் ஜனாதிபதி. தீவின் ஜனங்கள் தேர்ந்தெடுத்த சட்டசபை தயாரிக்கும் பட்ஜெட்டை அந்தக் குழு தள்ளிவிட்டுத் தானே ஒன்று எழுதலாம். குழுவின் செலவு யார் தலையில்? தீவின் தலையில்தான். ஜனங்களின் பணத்தில் ஜனங்களுக்குக் கட்டுப்படாத அதிகாரிகள் என்ற டவுன்ஷெண்டின் சூட்சுமம் நினைவுக்கு வருகிறதா?

தீவின் கடனுக்குத் தீவின் அரசியல்வாதிகளும் பொறுப்பாளிகளே. குழு வந்த பிறகு கடனின் பெரும் பகுதி குறைக்கப்பட்டதும் உண்மையே. ஆனால் 2025 ஆகஸ்டில் ஜனாதிபதி டிரம்ப் அந்தக் குழுவில் பலரை நீக்கி உத்தரவிட்டார். விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. நியமித்தபோதும் தீவினரைக் கேட்கவில்லை, நீக்கியபோதும் கேட்கவில்லை. கிரென்வில் நல்ல கணக்கர் என்பதால் போஸ்டன் ஜனங்கள் சமாதானம் அடைந்தார்களா?

பரிகாரம் என்ன என்பதில் தீவினருக்குள் ஒற்றுமை இல்லை. முழு ராஜ்யமாகச் சேரவேண்டும் என்பது ஒரு கட்சி. இப்போதைய உறவையே சீர்செய்து தொடரலாம் என்பது மற்றொன்று. தனிச் சுதந்திரம் என்பது மூன்றாவது. 2020-லும் 2024-லும் நடந்த ஓட்டெடுப்புகளில் ராஜ்ய அந்தஸ்துக்குப் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தது. ஆனால் அந்த முடிவுகள் காங்கிரஸைக் கட்டுப்படுத்தா. எந்தச் சபையில் ஓட்டில்லையோ, அந்தச் சபையிடம்தான் ஓட்டைக் கேட்டு நிற்கவேண்டும்.

அமெரிக்கா 1765-ல் உலகத்துக்குச் சொன்ன பாடம், வரி கூடாது என்பதல்ல. வரி இல்லாமல் எந்தச் சர்க்காரும் நடக்காது. ரோடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், படை வேண்டும் என்றால் பணமும் வேண்டும். கொடுக்கிறவனைக் கேட்டுக்கொண்டு எடு என்பதுதான் பாடம். கேட்டுவிட்டு எடுத்தால் அது வரி. கேட்காமல் எடுத்தால் அதற்கு நம் ஊரில் வேறு பெயர்.

250 ஆண்டுகளுக்கு முன் லண்டனில் உட்கார்ந்திருந்தவர்கள் முட்டாள்கள் அல்லர். தொகை சிறியதுதானே, படை அவர்களுக்காகத்தானே, தேயிலையும் மலிவுதானே என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தார்கள். கணக்கு ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. கேட்கவேண்டியவர்களைக் கேட்கவில்லை என்ற ஒன்றுதான் விட்டுப்போயிற்று. வாஷிங்டன் நகரத்துக் காங்கிரஸ் மண்டபத்துக்கு எதிரே போகும் ஒவ்வொரு காரும் அதைத்தான் நினைவூட்டிக்கொண்டு போகிறது. உள்ளே இருப்பவர்கள் ஜன்னல் வழியாகச் சற்று எட்டிப் பார்த்தால் போதும். நம்பர் பலகையில் பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறது.